புறாக்களிடம் பாடம் படித்த சார்ள்ஸ் டார்வின்

நிலாவெளிக் கடற்கரையில் நின்று கடலை நோக்கினால், ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தூரத்தில் பாறைகள் நிறைந்த சிறு தீவொன்று தெரியும். புறாமலை என்றும் புறாத்தீவு என்றும் நம்மவர் அழைக்கும் அத்தீவு 1963 ஆம் ஆண்டில் சரணாலயமாகவும், 2003 ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாகவும் பிரகடனம் செய்யப்பட்டது. அதன் பாறை இடுக்குகளிலே கூடுகட்டி வாழும் மாடப்புறாக்களால் அதற்கு அப்பெயர் வந்தது. சாம்பல் கலந்த நீலநிற உடல். பச்சையும் ஊதாவுமாய் மின்னும் கழுத்து. ஒவ்வொரு சிறகிலும் இரண்டு கறுப்புப் பட்டைகள். வள்ளத்திற் சென்று அவற்றைக் கண்டு வந்தவர்கள் உங்களுள் பலர் இருப்பீர்கள். அன்பார்ந்த வாசகர்களே, உலகத்தின் சிந்தனையையே அசைத்த ஒரு நூலின் முதல் அத்தியாயத்தில் இதே இனப் புறாவுக்குப் பல பக்கங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன என்பதை அறிவீர்களா? அந்நூலை எழுதியவரே சார்ள்ஸ் டார்வின்.

உங்கள் வீட்டில் உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கும் பிள்ளை இருந்தால், கூர்ப்பு என்ற சொல்லும் இயற்கைத் தேர்வு என்ற சொல்லும் உங்கள் காதில் விழுந்திருக்கும். மறைக்கல்வி வகுப்பிற் படித்தது சரியா, பாடப்புத்தகம் சொல்வது சரியா என்று அப்பிள்ளை உங்களைக் கேட்டிருக்கவும் கூடும். மறுமொழி சொல்லுமுன் அந்த மனிதரின் வாழ்க்கையைச் சற்று அறிந்துகொள்வது நல்லது.

குருவாகப் போனவர்

டார்வின் 1809 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 12 ஆம் திகதி இங்கிலாந்தின் சுரூஸ்பெரி என்னும் ஊரிற் பிறந்தார். தந்தை பேர்பெற்ற வைத்தியர். எட்டு வயதிலே தாயை இழந்த சிறுவன் பாடசாலைப் படிப்பிற் சிறந்து விளங்கவில்லை. வண்டு பிடிப்பதும், முட்டை சேர்ப்பதும், கல் பொறுக்குவதுமாகத் திரிந்தான். தம்மைப் போல் மகனும் வைத்தியனாக வேண்டும் என்று தந்தை 1825 இல் எடின்பரோவுக்கு அனுப்பினார். மயக்க மருந்து வழக்கத்துக்கு வராத காலம் அது. சத்திரசிகிச்சையின்போது குழந்தையொன்று துடித்ததைக் கண்ட இளைஞர் அவ்வறையை விட்டு ஓடினார். அதன்பின் அப்படிப்பில் மனம் ஒட்டவில்லை. அந்நகரிலேதான் அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்ற ஜோன் எட்மன்ஸ்டன் என்ற கறுப்பின மனிதரிடம் கூலி கொடுத்து, பறவைகளைப் பாடஞ்செய்து வைக்கும் கலையைக் கற்றுக்கொண்டார். அடிமை வியாபாரத்தை வாழ்நாள் முழுவதும் வெறுத்த மனிதரின் இளமையில் இப்படியொரு ஆசான் இருந்ததை நாம் மறக்கலாகாது.

வைத்தியம் கைகூடாதபடியால், மகன் அங்கிலிக்கன் சபையின் குருவாகட்டும் என்று தந்தை தீர்மானித்து, 1828 இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். ஆம், டார்வின் குருவாவதற்கென்றே படித்தவர். அங்கே தாவரவியல் பேராசிரியராயிருந்த ஹென்ஸ்லோ என்ற குருவானவர் அவருக்கு நண்பரும் வழிகாட்டியுமானார். உலகைச் சுற்றிக் கடலளவைக்குப் புறப்பட்ட பீகிள் என்னும் கப்பலுக்கு இயற்கை ஆராய்ச்சியாளர் ஒருவர் தேவைப்பட்டபோது, டார்வினின் பெயரைச் சொன்னவரும் அவரே.

ஐந்து ஆண்டுக் கடற்பயணம்

1831 டிசம்பர் 27 ஆம் திகதி புறப்பட்ட கப்பல் 1836 ஒக்டோபரிலேதான் திரும்பியது. கடற்பிரயாணம் ஒத்துக்கொள்ளாமல் ஓயாது வாந்தியெடுத்த அந்த இளைஞர், கரையேறிய இடமெல்லாம் கண்ணைத் திறந்து பார்த்தார். தென் அமெரிக்காவில் ஓட்டுக்கவசம் பூண்ட சிறு விலங்குகள் இன்றும் வாழ்கின்றன. அதே நிலத்தைத் தோண்டியபோது, அதே மாதிரிக் கவசம் பூண்டு என்றோ அழிந்துபோன மிகப் பெரிய விலங்குகளின் எச்சங்கள் கிடைத்தன. பழையதற்கும் புதியதற்கும் இடையே உறவு ஏதும் இருக்குமோ என்ற கேள்வி அவர் மனத்தில் எழலாயிற்று.

1835 இல் பசிபிக் சமுத்திரத்திலுள்ள கலாபகஸ் தீவுகளில் ஐந்து வாரங்கள் கழித்தார். ஓட்டின் அமைப்பைப் பார்த்தே ஆமை எந்தத் தீவினது என்று சொல்லிவிடலாம் என அங்கிருந்த அதிகாரி ஒருவர் கூறினார். அங்கே ஒரு குருவியினம் தீவுக்குத் தீவு சிறிது வேறுபட்டிருப்பதை டார்வினும் கவனித்தார். மறு ஆண்டு ஏப்ரலில் கப்பல் நமது இந்து சமுத்திரத்துக்கு வந்தது. இலங்கைக்கு வரவில்லை. கொக்கோஸ் தீவுகளைத் தொட்டுச் சென்றது. முருகைக்கற் பாறைகள் எவ்வாறு உருவாகின்றன என்று அவர் கண்ட விளக்கத்துக்கு அத்தீவுகள் நல்ல சான்றாயின. புறாமலையைச் சுற்றி நாம் காணும் முருகைக்கற்கள், கரையை ஒட்டி வளரும் வகை என்று அவர் வகுத்த பிரிவைச் சேர்ந்தவை.

நான்கு உண்மைகள்

ஊர் திரும்பியபின், 1838 இல் அவர் மல்தூஸ் என்ற குருவானவர் சனத்தொகை பற்றி எழுதிய நூலைப் படித்தார். அப்போது அதுவரை சிதறிக் கிடந்த எண்ணங்கள் ஒன்று சேர்ந்தன. அவர் கண்டதை நம் புறாமலையிலேயே வைத்துப் பார்ப்போம்.

ஒரு சோடிப் புறா ஆண்டுக்கு நான்கு குஞ்சுகளை வளர்த்து, ஒன்றும் சாகாமல், எல்லாம் அவ்வாறே பெருகுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் தொகை மும்மடங்காகும். பத்து ஆண்டுகளில் இரண்டு புறா 118,098 புறாவாகும்! அச்சிறு தீவு அத்தனையையும் தாங்குமா? ஆகவே பிறப்பவற்றுட் பெரும்பாலானவை வளர்ந்து குஞ்சு பொரிக்குமுன் மடிகின்றன. இது முதலாவது உண்மை.

ஒரே கூட்டிற் பிறந்த இரு குஞ்சுகளும் ஒன்றுபோல் இரா. ஒன்றின் சிறகு சற்று நீளம்; மற்றதன் பார்வை சற்றுக் கூர்மை. இது இரண்டாவது. இவ்வேறுபாடுகளுட் பல பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு இறங்குகின்றன. தாயைப் போல் மகள் என்று நாம் சொல்வதில்லையா? இது மூன்றாவது. பருந்து துரத்தும்போது சற்று விரைந்து பறக்கவல்லது தப்பும் வாய்ப்புச் சற்று அதிகம். தப்பியது தன்னைப் போன்ற குஞ்சுகளை விட்டுச்செல்லும். இது நான்காவது. தலைமுறை தலைமுறையாக இது நடந்தால் கூட்டத்தின் இயல்பே மெல்ல மாறும். பல்லாயிரம், பல இலட்சம் தலைமுறைகளில் ஒரே மூதாதையின் வழிவந்தவை வெவ்வேறு இனங்களாகிவிடும். இதுவே இயற்கைத் தேர்வு. தேர்வு என்ற சொல்லைக் கேட்டு, யாரோ இருந்து பொறுக்கியெடுப்பதாக எண்ணவேண்டாம். சூழலுக்குப் பொருந்தியது நிலைக்கிறது, பொருந்தாதது குறைகிறது, அவ்வளவே.

இருபது ஆண்டுகள் மௌனம்

இத்தனை தெளிவாகக் கண்டவர் அதை உடனே வெளியிடவில்லை. 1839 இல் தம் மாமன் மகளான எம்மாவை மணந்தார். எம்மா ஆழ்ந்த பக்தியுள்ளவர். ஆராய்ச்சியில் மூழ்கிய கணவர் விசுவாசத்தை இழந்துவிடுவாரோ, மறுமையில் இருவரும் பிரிய நேருமோ என்று கலங்கி அவருக்குக் கடிதம் எழுதினார். டார்வின் அக்கடிதத்தைச் சாகும்வரை பத்திரப்படுத்தி வைத்திருந்தார். அதைப் பலமுறை முத்தமிட்டு அழுததாக அதன் ஓரத்தில் தம் கையால் எழுதியும் வைத்தார். 1844 இல் தம் கொள்கையை ஒரு நீண்ட கட்டுரையாக எழுதி முடித்து, தாம் இறந்தால் அதை அச்சிடும்படி மனைவியிடமே ஒப்படைத்தார். மனைவியின் மனம் நோகுமே என்ற கவலை ஒருபுறம். போதிய சான்றின்றிப் பேசக்கூடாது என்ற கண்டிப்பு மறுபுறம். கப்பல்களின் அடியிலும் கடற்பாறைகளிலும் ஒட்டி வளர்ந்து நம் காலைக் கிழிக்கும் சிறு ஓட்டுயிர்களை ஆராய்வதில் மட்டும் எட்டு ஆண்டுகளைச் செலவிட்டார்.

1851 ஏப்ரலில், பத்தே வயதான அவருடைய அருமை மகள் ஆனி நோயுற்று இறந்தாள். பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் உங்களுள் இருந்தால் அந்தத் துயரத்தை நான் விளக்கவேண்டியதில்லை. ஏற்கெனவே தளர்ந்துகொண்டிருந்த அவரது கிறிஸ்தவ விசுவாசம் அதன்பின் நிமிரவேயில்லை என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுகின்றனர். பிற்காலத்தில் அவர் தம்மை நாத்திகர் என்று சொல்லவில்லை. கடவுளைப் பற்றி அறியமுடியாத நிலையில் இருப்பவர் என்றே சொல்லிக்கொண்டார். ஆயினும் தம் ஊர்க் குருவானவருடன் நெருங்கிய நட்புக் கொண்டு, பங்கின் தரும காரியங்களுக்குக் கணக்கும் பார்த்து வந்தார்.

புறாக்கூட்டில் கிடைத்த சான்று

1855 இல் அவர் புறா வளர்க்கத் தொடங்கினார். இலண்டனில் புறா வளர்ப்போரின் சங்கங்கள் இரண்டிற் சேர்ந்து, தொழிலாளரும் கடைக்காரருமான எளிய மனிதரோடு சமமாய் உட்கார்ந்து அவர்களிடம் பாடங் கேட்டார். விசிறி போல் வாலை விரிக்கும் புறா, வானத்திற் கரணமடிக்கும் புறா, தொண்டையைப் பலூன் போல் ஊதும் புறா எனப் பல வகைகளைக் கூட்டில் வளர்த்தார். பிறநாடுகளிலிருந்து புறாத்தோல்களை வரவழைத்தார். அவற்றைச் சிறப்பாக அனுப்பி உதவியவர்களில் ஒருவர், அக்காலத்தில் சென்னை அரசாங்கத்தில் உயர்பதவி வகித்த வால்டர் எலியட். அக்பர் சக்கரவர்த்தியின் அரண்மனையில் 20,000 புறாக்களுக்குக் குறையாமல் இருந்த செய்தியையும் தம் நூலிற் சேர்த்துக்கொண்டார்.

பார்வைக்கு இவ்வளவு வேறுபட்ட இவ்வகைகள் எல்லாம் பல்வேறு காட்டுப் புறாக்களிலிருந்து வந்தவை என்றே வளர்ப்போர் நம்பினர். டார்வின் சோதித்துப் பார்த்தார். வெள்ளை விசிறிவாற் புறாவையும் வேறொரு வகைக் கறுப்புப் புறாவையும் இணைத்தார். அவற்றின் பிள்ளைகளைத் தம்முள் இணைத்தபோது, பேரக்குஞ்சுகளில் ஒன்று நீலநிற உடலும் சிறகில் இரண்டு கறுப்புப் பட்டைகளுமாகப் பிறந்தது. பாட்டனும் பாட்டியும் அறியாத அந்த நிறம் எங்கிருந்து வந்தது? பாறைகளில் வாழும் மாடப்புறாவின் நிறமல்லவா அது! மனிதன் சில ஆயிரம் ஆண்டுகளாகத் தனக்குப் பிடித்ததைப் பொறுக்கி இணைத்து, ஒரே மாடப்புறாவிலிருந்து இத்தனை வகைகளை உண்டாக்கியிருக்கிறான். இவ்வளவு குறுகிய காலத்தில் மனிதனால் இது முடியுமானால், எண்ணிலா ஆண்டுகளில் இயற்கையால் எவ்வளவு முடியும்? இதுவே அவர் வாதத்தின் வாசற்படி. ஆகவே நிலாவெளிப் பாறையிற் கூடுகட்டும் புறா, உலகத்துப் புறாக்கூடுகளின் முன்னோர் குலத்தைச் சேர்ந்தது.

1858 ஜூனில் எதிர்பாராத கடிதம் ஒன்று வந்தது. இன்றைய இந்தோனேசியத் தீவுகளில் காய்ச்சலோடு போராடிக்கொண்டு ஆராய்ச்சி செய்த அல்பிரட் வாலஸ் என்பவர் அதே கொள்கையைத் தாமாகவே கண்டறிந்து எழுதியிருந்தார். இருபது ஆண்டு உழைப்பின் முதன்மை கைநழுவும் நிலை! டார்வின் அக்கடிதத்தை ஒளிக்கவில்லை; நண்பர்களிடம் ஒப்படைத்தார். ஜூலை 1 ஆம் திகதி இலண்டனில் இருவரின் எழுத்துக்களும் ஒரே கூட்டத்தில் வாசிக்கப்பட்டன. டார்வின் அங்கே செல்லவில்லை. செங்காய்ச்சலில் இறந்த தம் கைக்குழந்தையை அடக்கம் செய்யும் துயரத்தில் அவர் வீட்டிலிருந்தார்.

1859 நவம்பர் 24 ஆம் திகதி இனங்களின் தோற்றம் பற்றிய அவரது நூல் வெளிவந்தது. அச்சிட்டவை 1,250 பிரதிகள். கையெழுத்துப் பிரதியைப் படித்த குருவானவர் ஒருவர், எல்லாருக்கும் பிரியமான புறாவைப் பற்றி மட்டும் எழுதினால் நன்றாக விற்குமே என்று பதிப்பாளருக்கு ஆலோசனை கூறினாராம்! அந்நூலிலே தம் கொள்கைக்கு எதிராக எழக்கூடிய இடர்ப்பாடுகளுக்கென்றே டார்வின் ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். தமக்கு மாறான செய்தி எதைக் கண்டாலும் அதை உடனே குறித்துக்கொள்வது அவர் வழக்கம். பிடிக்காத உண்மையை மனம் விரைவில் மறந்துவிடும் என்று அவர் அறிந்திருந்தார்.

துறவி நிரப்பிய குறை

அவர் கொள்கையிற் பெரிய குறையொன்று இருந்தது. பெற்றோரின் இயல்பு பிள்ளைக்கு எவ்வாறு இறங்குகிறது என்பதை அவர் அறியவில்லை. தேநீரிற் பால் கலப்பதுபோல் இயல்புகள் கலந்துவிடுமானால், புதிய நல்லியல்பு சில தலைமுறைகளில் கரைந்துபோகுமே! விடை, அவர் அறியாமலே, இன்றைய செக் நாட்டின் பிர்னோ நகரிலுள்ள அகுஸ்தீனார் சபை மடத்தின் தோட்டத்தில் விளைந்துகொண்டிருந்தது. கிரகோர் மெண்டல் என்னும் கத்தோலிக்கத் துறவி எட்டு ஆண்டுகளாக ஏறத்தாழ 28,000 பட்டாணிச் செடிகளை ஆராய்ந்து, இயல்புகள் கரைந்துபோவதில்லை, தனித்தனி அலகுகளாகவே இறங்குகின்றன என்று கண்டு 1866 இல் வெளியிட்டார். மெண்டல் டார்வினின் நூலை வாங்கிப் படித்துக் கோடிட்டு வைத்திருந்தார். டார்வினோ மெண்டலை அறியாமலே இறந்தார். 1900 இல் உலகம் மெண்டலை மீண்டும் கண்டெடுத்தது. இன்றைய பிறப்புரிமையியல் அத்துறவியிடமிருந்தே தொடங்குகிறது. இருவரின் கண்டுபிடிப்பும் இணைந்தபோதே கூர்ப்புக் கொள்கை உறுதியான அத்திவாரம் பெற்றது.

நம் வீட்டுக்குள் இயற்கைத் தேர்வு

இது எங்கோ நடந்த கதையென்று எண்ணவேண்டாம். 1963 இல் இலங்கை முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளர் 17 பேர் மட்டுமே. டி.டி.ரீ. மருந்து தெளித்ததன் பெரும் பயன் அது. நோய் ஒழிந்தது என்று தெளிப்பதைத் தளர்த்தியதும், அப்பத்தாண்டின் இறுதியில் அது இலட்சக்கணக்கானோரைப் பற்றியது. மீண்டும் டி.டி.ரீ. தெளித்தபோது முன்போல் நுளம்புகள் மடியவில்லை. எந்த நுளம்பும் நஞ்சைத் தாங்கக் கற்றுக்கொள்ளவில்லை. கோடிக்கணக்கானவற்றுள் பிறப்பிலேயே நஞ்சைத் தாங்கவல்ல சில இருந்தன. மற்றவை மடிய, அவையே பெருகின. எழுபதுகளில் மலத்தியன் என்னும் வேறு மருந்துக்கு மாறவேண்டியதாயிற்று. நெடுங்காலப் போராட்டத்தின்பின் 2016 இலேதான் இலங்கை மலேரியா அற்ற நாடென்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. நோய்க்கிருமிகளும் இவ்வாறே. வைத்தியர் சொல்லாமல் நாமாகக் கிருமிகொல்லி மருந்து வாங்கி விழுங்கும்போது, மருந்துக்கு அஞ்சாத கிருமிகளைப் பொறுக்கி வளர்த்துவிடுகிறோம். டார்வினை அறிந்த தாய் இதை எளிதில் விளங்கிக்கொள்வாள்.

திருச்சபையும் டார்வினும்

டார்வினின் பாட்டனார் எராஸ்மஸ் எழுதிய ஒரு நூல் திருச்சபையின் தடைநூற் பட்டியலில் இடம்பெற்றது. பேரனின் நூல் அப்பட்டியலில் ஒருபோதும் சேர்க்கப்படவில்லை. 1950 இல் பாப்பரசர் 12 ஆம் பத்திநாதர், மனித உடலின் தோற்றம் பற்றி அறிஞர் ஆராய்வதற்குத் தடையில்லை, ஆன்மாவைக் கடவுளே நேராகப் படைக்கிறார் என்று போதித்தார். 1996 இல் பாப்பரசர் 2 ஆம் அருளப்பர் சின்னப்பர், கூர்ப்பு வெறும் ஊகம் என்ற நிலையைக் கடந்துவிட்டது என ஏற்றுக்கொண்டார். உயிர்கள் எவ்வாறு பெருகி வேறுபட்டன என்பது விஞ்ஞானத்தின் கேள்வி. யார் படைத்தார், எதற்காக என்பது விசுவாசத்தின் கேள்வி. ஒன்றுக்குப் பயந்து மற்றதைக் கைவிட வேண்டியதில்லை.

சில தப்பெண்ணங்களையும் நீக்கிக்கொள்வோம். மரத்திலே தாவும் இன்றைய குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்று டார்வின் சொல்லவில்லை. நெடுங்காலத்துக்கு முன் இரண்டுக்கும் பொதுவான மூதாதை இருந்ததென்றே 1871 இல் எழுதினார். வலியவன் வாழ்வான், எளியவன் மாய்வான் என்று அவர் நீதி போதிக்கவுமில்லை. தக்கது வாழும் என்ற தொடரை உண்டாக்கியவர் ஹேர்பட் ஸ்பென்சர். டார்வின் பின்னரே அதை எடுத்தாண்டார். அங்கே தக்கது என்பது சூழலுக்குப் பொருந்தியது மட்டுமே. அத்தொடரைப் பிடித்துக்கொண்டு ஓர் இனம் மற்ற இனத்தை அடக்கலாம் என்று வாதித்தவர்கள் அவர் கண்ட உண்மையைத் தலைகீழாக்கினார்கள். எல்லா மனிதரும் ஒரே குலத்திலிருந்து கிளைத்தவர்கள் என்பதே அவர் முடிவு. பிரேசிலில் அடிமைமுறைக்குச் சார்பாகக் கப்பல் தலைவர் பேசியபோது அவரோடு மோதி, கப்பலைவிட்டே இறங்க நேருமோ என்ற நிலைக்கு வந்தவர் டார்வின்.

இன்னுமொன்று. மரணப்படுக்கையில் அவர் தம் கொள்கையை மறுத்து மனந்திரும்பினார் என்றொரு கதை 1915 இலிருந்து உலவுகிறது. அவருடைய பிள்ளைகளே அதை மறுத்துள்ளனர். நம் விசுவாசத்துக்குப் பொய்யின் முட்டு வேண்டாம். யாரேனும் அதைச் சொன்னால் திருத்துங்கள். மண்புழுக்கள் நிலத்தைப் பண்படுத்துவது பற்றி 1881 இல் கடைசி நூலை எழுதிய டார்வின், 1882 ஏப்ரல் 19 ஆம் திகதி எம்மாவின் அருகில் உயிர்நீத்தார். வெஸ்ற்மின்ஸ்ரர் தேவாலயத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

பெற்றோரே, பிள்ளை கூர்ப்பைப் பற்றிக் கேட்டால் வாயடைக்காதீர்கள். ஒருநாள் நிலாவெளிக்கு அழைத்துச் செல்லுங்கள். அப்புறாவின் சிறகிலுள்ள இரண்டு கறுப்புப் பட்டைகளைக் காட்டி, அதே பட்டைகள் நகரத்துப் புறாக்களில் எத்தனைக்கு இருக்கின்றன என்று எண்ணச் சொல்லுங்கள். பொறுமையோடு பார்க்கவும், கண்டதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லவும் பழகும் பிள்ளை, படைத்தவரின் கைவேலையை மதிக்கவும் பழகும்.